சபை என்னிடம் எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: ஐயா, நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். வயது 34. கணவர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். மகளுக்கு ஏழு வயது. மாமியார் இரண்டு ஆண்டுகளாகப் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். நாங்கள் பரம்பரையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சங்கத்தைச் சேர்ந்தவர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் சத்துவாச்சாரிக்குக் குடிவந்தபோது, வீட்டுக்கு அருகில் இருந்த, எந்தப் பெரிய திருச்சபையையும் சாராத ஒரு சுயாதீன சபைக்குப் போகத் தொடங்கினோம். அன்பான சபை. மாமியார் விழுந்த இரவில், பதினொரு மணிக்கு இரண்டு சகோதரிகள் ஓடிவந்து விடியும்வரை கூடவே இருந்தார்கள். பழைய சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை.

இப்போது எங்கள் சபையில் 'உறுப்பினர் உடன்படிக்கை' என்று இரண்டு பக்கப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனை, புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், மாதம் ஒரு முழு இரவு ஜெபம் எல்லாவற்றுக்கும் தவறாமல் வரவேண்டும். பிடித்தம் போவதற்கு முந்தைய மொத்தச் சம்பளத்தில் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) தரவேண்டும். சம்பளச் சீட்டின் நகலையும் தரவேண்டும். போதகரின் அனுமதியில்லாமல் வேறு சபைக்குப் போகக்கூடாது. தொடர்ந்து மூன்று ஞாயிறு வராதவர்களின் பெயர் ஆராதனையில் வாசிக்கப்படும். ஈஸ்டருக்குள் கையெழுத்துப் போடாதவர்கள் 'பார்வையாளர்கள்'. அவர்கள் வீட்டுத் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் சபை பொறுப்பேற்காது.

எங்கள் இருவரின் மொத்தச் சம்பளம் 52,000 ரூபாய். கைக்கு வருவது 44,500. வாடகை, கடன் தவணை, மருந்து, பகலில் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் சம்பளம் எல்லாம் போக மிச்சம் இருப்பதில்லை. இதுவரை மாதம் 2,000 ரூபாய் காணிக்கை கொடுத்து வருகிறோம். எனக்கு மாதத்தில் எட்டு அல்லது பத்து நாள் இரவுப் பணி. கணவர் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்கிறார். எனக்குக் கை வரவில்லை. சில நாட்களில், எந்தச் சபையும் வேண்டாம், வீட்டிலிருந்தே மொபைலில் செய்தி கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. என் விசுவாசம் குறைந்துவிட்டதா? ஒரு சபை தன் மக்களிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

படிவத்தைப் பற்றி நீங்கள் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரவைப் பற்றி எழுதியது இரண்டு மூன்று வரிதான். எனக்கு அந்த வரிகளைத் தாண்டிப் போகவே நேரம் பிடித்தது. முப்பத்தோரு ஆண்டுகள் பழைய வடாற்காடு மாவட்டத்துச் சங்கங்களில் ஆயராக இருந்தவன் நான்; ஓய்வு பெற்ற பிறகே குடும்ப ஆலோசனைப் பணிக்கு முழுநேரமாக வந்தேன். 'பழைய சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை' என்பது என்னைப் போன்றவர்கள் பதில் சொல்ல வேண்டிய குற்றச்சாட்டு. அதற்கு நான் சாக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. வந்திருக்க வேண்டும்.

உங்கள் விசுவாசம் குறைந்துவிடவில்லை. கொடுக்கிற வாக்கைக் காப்பாற்ற முடியுமா என்று யோசிக்கிறவருக்குத்தான் கையெழுத்துப் போடக் கை வராது. பொருட்படுத்தாதவராக இருந்திருந்தால் அன்றே போட்டுக் கொடுத்துவிட்டு, மறுவாரமே மறந்திருப்பீர்கள்.

ஆனால் மொபைலில் செய்தி கேட்டால் போதும் என்ற எண்ணத்துக்கு நான் துணை நிற்கமாட்டேன். இரவுப் பணி முடித்து வந்து, மாமியாருக்குக் கஞ்சி கொடுத்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தலை சாய்க்கும் ஒருவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. களைத்த உடம்பு அப்படித்தான் பேசும். ஆனாலும் அந்த இரவில் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டியவர்கள் உங்களை எப்படி அறிந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வாரந்தோறும் ஒரே பாயில் பக்கத்தில் உட்கார்ந்ததால் அறிந்தார்கள். உங்கள் மகளின் பெயர் தெரியும், உங்கள் வீட்டுச் சந்து தெரியும், மாமியாரின் சுபாவம் தெரியும். இதெல்லாம் செய்தி கேட்பதால் வராது. சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் சொல்லும்போது, அதற்கு முந்தைய வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும். அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஒருவரையொருவர் ஏவும்படி கவனிக்கச் சொல்கிறது அந்த வரி. ஒருவரையொருவர் கவனிக்க இரண்டு பேராவது ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே சபை எதுவும் கேட்கக்கூடாது என்பது என் கட்சி அல்ல. எதுவும் கேட்காத சபைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலவற்றை நானே நடத்தியும் இருக்கிறேன். பதிவேட்டில் நானூறு குடும்பம் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு உட்கார இடம் இருக்காது. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வரிசை பெஞ்சுகளைத் துடைக்கவே வேண்டியிருக்காது. கமிட்டித் தேர்தல் வரும் ஆண்டில் மட்டும் சந்தா பாக்கி மொத்தமாக வந்து சேரும். அப்படிப்பட்ட சங்கத்தில் ஒருவர் ஆறு மாதம் வராவிட்டாலும் கேட்பாரில்லை. உங்களுக்கு நடந்தது அதுதான். உங்கள் இன்றைய போதகர் அந்த மந்தத்தைக் கண்டு பயந்தே இந்தப் படிவத்தை எழுதியிருக்கலாம். நாற்காலி போடுவது, சமைப்பது, நோயாளிகளைச் சந்திப்பது, ஓய்வுநாள் பள்ளி நடத்துவது எல்லாவற்றையும் எந்தச் சபையிலும் ஐந்தாறு பேர்தான் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் சோர்ந்து விழுவதைப் பார்க்கிற போதகருக்கு வருத்தம் வராமல் இருக்குமா? அவர் விரும்புவது நியாயமானது. அதை அடைய எடுத்திருக்கும் வழிதான் கோணலாக இருக்கிறது.

நம் பகுதிச் சபைகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1853-இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கியபோது, அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் பணத்தில்தான் பள்ளிகளும் நடந்தன, ஊர்ச் சபைகளைக் கவனித்த உபதேசியார்களும் பிழைத்தார்கள். எத்தனை காலம் கடல் கடந்து வரும் பணத்தை நம்பியிருப்பது, நம் சபையை நாமே தாங்க வேண்டாமா என்ற பேச்சு அப்புறம் எழுந்தது. ஆனால் சபையாரில் பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள். அவர்களிடம் ரொக்கம் ஏது? என் முதல் சபையில், எண்பதுகளில்கூட, பிடி அரிசிக் காணிக்கை இருந்தது. உலையில் அரிசி போடும்போதெல்லாம் வீட்டுப் பெண் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார். சனிக்கிழமை அது கோயிலுக்கு வரும். ஏலம் விட்டுப் பணமாக்குவோம். சில வாரம் ஏலம் விடாமல், அரிசியில்லாத வீட்டுக்கு அப்படியே போய்விடும்.

அந்தப் பிடியை யாரும் படி வைத்து அளந்ததில்லை. பெரிய கைக்குப் பெரிய பிடி, சின்னக் கைக்குச் சின்னப் பிடி. உலை ஏறாத நாளில் பிடியும் இல்லை. பானை காலியாக வந்தால், உபதேசியார் அம்மா அந்த வீட்டுப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவார். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பதற்காக அல்ல, அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதற்காக. ஒரு சபை எவ்வளவு கேட்கலாம் என்று யார் என்னைக் கேட்டாலும், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அம்மாவின் நடைதான்.

ஆனால் நானே அந்த நடையை மறந்த ஒரு காலம் உண்டு. அதையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமச் சங்கம். பீடி சுற்றிப் பிழைத்த ஒரு விதவைத் தாய் இருந்தார். மூன்று ஆண்டுச் சந்தா பாக்கி. அவர் இறந்த அன்று மகன் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு வந்தான். கமிட்டிப் பெரியவர் ஒருவர் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, பாக்கியைக் கட்டிவிட்டுக் குழி வெட்டு என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. போனான், அரை மணி நேரத்தில் யாரிடமோ கடன் வாங்கிக்கொண்டு வந்து எண்ணி வைத்தான். ரசீதும் எழுதிக் கொடுத்தோம். நான் அதே மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலை அந்தக் குழிக்கு முன்னால் நின்று 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று வாசித்தேன்.

சில வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு இரண்டு ஆண்டுகளாகவே கண் மங்கியிருக்கிறது. பீடி சுற்ற முடியவில்லை. காசு போட முடியாத வெட்கத்தில்தான் கோயிலுக்கு வருவதையும் நிறுத்தியிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் அவர் பெயருக்கு நேரே நாங்கள் கோடு போட்டோம். முப்பத்தாறு கோடு. ஒரு முறையாவது அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருந்தால், கண் சிகிச்சைக்கு அழைத்துப் போயிருக்கலாம். வேலூர் அதிக தூரம் இல்லை. அந்த மகன் அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை. அவனிடம் போய் மன்னிப்புக் கேட்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

உங்கள் படிவத்தில் திருமணம், அடக்கம் பற்றிய அந்தக் கடைசி வரியைப் படித்தவுடன் அந்த மேசைதான் என் கண்முன் வந்தது. படிவத்திலேயே மிக மோசமான வரி அதுதான். மற்றவற்றைப் பேசிச் சரிசெய்யலாம். அது மட்டும் நீங்க வேண்டும். துக்கத்தில் இருக்கிற வீட்டை ஒரு கையெழுத்துக்குப் பிணையாக வைக்க எந்தச் சபைக்கும் உரிமை கிடையாது.

இதில் உங்கள் கணவரைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். அவர் உங்களைவிட ஆழமான விசுவாசி என்பதாலோ, போதகருக்குப் பயந்தோ கையெழுத்துப் போடச் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய தாய் படுக்கையில் இருக்கிறார். நாளை ஏதாவது நேர்ந்தால் அம்மாவை எங்கே அடக்கம் செய்வது, யார் வந்து நிற்பார்கள் என்ற கவலை ஒரு மகனுக்கு எத்தனை பாரம் தெரியுமா? இந்த ஊரில் பழைய சபைகளுக்குச் சொந்தக் கல்லறைத் தோட்டம் உண்டு. புதிய சபைகள் பலவற்றுக்குக் கிடையாது. ஒவ்வொரு சாவுக்கும் இடத்துக்காக அலைய வேண்டியிருக்கிறது. அவர் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கலாம். நீங்களே மெதுவாகக் கேளுங்கள். அந்தக் கவலைக்கு வேறு வழியும் இருக்கிறது. உங்கள் குடும்பப் பெயர் பழைய சங்கப் பதிவேட்டில் இன்னும் இருக்கிறதா என்று அங்குள்ள ஆயரிடம் நேரில் போய்க் கேளுங்கள். மாமியார் அங்கே முழு உறுப்பினராகத் திடப்படுத்தல் பெற்று, பல்லாண்டு திருவிருந்து எடுத்தவராகத்தான் இருப்பார். அவருக்காக நீங்கள் இடம் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. அந்த ஆயர் இதுவரை வரவில்லை என்றால், இந்த முறை வரச் சொல்லுங்கள். படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுப்பது அவருடைய கடமை.

இனி வருகை. உங்கள் போதகரிடம் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். ஞாயிறு திருப்பலியைத் தவறவிடுவதைப் பெரும் பாவமாகவே கருதுகிற கத்தோலிக்கத் திருச்சபைகூட, 1992-இல் வெளிவந்த தன் மறைக்கல்வி நூலில், நோயையும் கைக்குழந்தைப் பராமரிப்பையும் தக்க காரணங்களுக்கு எடுத்துக்காட்டாகவே பெயர் சொல்லி எழுதிவைத்திருக்கிறது. அவ்வளவு கண்டிப்பான சபையே அந்த வாசலைத் திறந்து வைத்திருக்கும்போது, உங்கள் இரண்டு பக்கப் படிவத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. அதுவும் எந்த ஊரில்! 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கி, 1909-இல் செவிலியர் பயிற்சியையும் ஆரம்பித்த ஊர் இது. இங்கே எந்தச் சபையை எடுத்தாலும் ஷிப்டு வேலை பார்க்கும் செவிலியர்கள் நாலு பேராவது இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வார்டில் ஒரு நோயாளியின் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பவரை 'வராதவர்' என்று எழுதுகிற பதிவேடு வேலூருக்குப் பொருந்தாது. மாதம் பத்து இரவு கண் விழிக்கிற உங்களைப் பதினோராவது இரவும் முழு இரவு ஜெபத்துக்கு வரச் சொல்வது, என் கருத்தில், உடம்புக்கும் அவமரியாதை, ஜெபத்துக்கும் அவமரியாதை.

பெயர் வாசிப்பது பற்றி மத்தேயு 18-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தாலே போதும். உன் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் நீயும் அவனும் தனித்திருக்கும்போது சொல் என்கிறார் இயேசு. அடுத்து ஓரிருவரோடு போகச் சொல்கிறார். சபைக்குத் தெரிவிப்பது அதற்கும் பிறகுதான். இத்தனைக்கும் அங்கே பேசப்படுவது குற்றம். இங்கே மூன்று வாரம் வராததற்கு, முதல் இரண்டு படியையும் தாண்டி நேராக ஒலிபெருக்கிக்குப் போகிறார்கள். மூன்று வாரமாக ஒருவர் வரவில்லை என்று சபைக்குத் தெரிகிறது என்றால், அது நல்ல விஷயம். அந்தத் தகவலை மேடைக்குக் கொண்டுபோவதா, அவர் வீட்டுக்குக் கொண்டுபோவதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காணிக்கைக்கு வருகிறேன். கைக்கு வரும் 44,500-இல் பத்தில் ஒன்று 4,450. மொத்தச் சம்பளத்தில் என்றால் 5,200. வித்தியாசம் 750 ரூபாய். இந்த 750 ரூபாயை வைத்துப் போதகரோடு வாதாடாதீர்கள். அந்த வாதத்தில் இரண்டு பக்கமும் மனம் கசந்துதான் திரும்புவீர்கள். சம்பளச் சீட்டைக் கேட்பதுதான் தவறு. அவனவன் தன் மனதில் நியமித்தபடி, விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, கொடுக்கட்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். சீட்டைச் சரிபார்த்து வாங்கினால் அது காணிக்கை இல்லை, வரி.

தசமபாகம் என்றதும், அதைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா புத்தகத்தை மட்டும் எடுப்பார்கள். உபாகமம் 14-ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களையும் எடுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டுத் தசமபாகம் முழுவதும் அந்தந்த ஊரிலேயே வைக்கப்பட்டு, ஆலயப் பணி செய்யும் லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று அங்கே இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு முதிய விதவை படுத்திருக்கிறார். அவருக்காக நீங்கள் செலவிடும் பணம் தேவனுடைய கணக்குக்கு வெளியே போகிறதா? தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', காணிக்கையாகக் கொடுத்தாயிற்று என்று சொல்லி நிறுத்தியவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் பாருங்கள். மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாவின் சம்பளத்தைக் குறைத்துத்தான் தசமபாகத்தை நிரப்ப முடியும் என்றால், நிரப்ப வேண்டாம். இப்போது கொடுக்கும் 2,000 ரூபாயை ஒரு மாதமும் தவறாமல், மனதாரக் கொடுங்கள். மகளின் கையில் ஒரு சின்ன உறையைக் கொடுத்து அவளையும் பழக்குங்கள். கடன் தவணை முடிகிற மாதம் நீங்களே கூட்டிக் கொடுப்பீர்கள். உங்கள் கடிதத்தின் தொனியே எனக்கு அதைச் சொல்கிறது.

பணம் வசூலிக்கும் ஏற்பாடே அக்கறையாக மாறிய கதை ஒன்றும் உண்டு. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லி தொடங்கிய கிறிஸ்தவ இயக்கத்தாரான மெதடிஸ்டுகள் கட்டடக் கடனில் திணறினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரலாம் என்று ஒருவர் சொன்னார். ஏழைகளால் முடியாதே என்றபோது, மிக ஏழைகளான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன் என்றார். அப்படி வீடு வீடாகப் போனபோதுதான் யார் பட்டினி, யார் குடிக்கிறார், யார் நோயில் இருக்கிறார் என்று தெரிந்தது. மெதடிஸ்டுகளின் 'வகுப்புக் கூட்டங்கள்' அதிலிருந்து வளர்ந்தவை. அவர்கள் ஒழுங்கில் கண்டிப்பானவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் சீட்டைப் புதுப்பித்தார்கள். ஆனால் அந்தக் கண்டிப்புக்கு முன்னால் வாரந்தோறும் ஒருவர் கதவைத் தட்டினார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது தென்னிந்திய மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். நம் பழைய சங்கங்கள் அந்தச் சொத்தை எங்கே தொலைத்தன என்று நான் அடிக்கடி வருந்துவதுண்டு.

அப்படியானால் உங்களிடம் சபை எதைக் கேட்கலாம்? நான் உங்கள் போதகராக இருந்தால் இவற்றைக் கேட்பேன், கூச்சமில்லாமல் கேட்பேன். பணி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வாருங்கள். தூக்கம் போதாவிட்டாலும் வாருங்கள், பாதி ஆராதனையில் கண் அசந்தாலும் யாரும் தவறாக நினைக்கமாட்டோம். வரமுடியாத வாரத்தில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களால் முடிந்த ஒரே ஒரு வேலையை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். சபையில் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள முதியவர்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பரிசோதனை செய்து ஒரு நோட்டில் எழுதிவைத்தால், அதற்கு மேல் ஒரு ஊழியத்தை நான் உங்களிடம் கேட்கமாட்டேன். யாரோடாவது மனத்தாங்கல் வந்தால், அதை மூன்றாம் ஆளிடம் கொண்டுபோகாமல் அவரிடமே பேசுங்கள். நீங்கள் தவறும்போது யாராவது தனியாக வந்து சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்ன இரண்டும் தசமபாகத்தைவிடக் கடினமானவை. எந்தப் படிவத்திலும் அவை இருப்பதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

நீங்களும் சபையிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. சபை அறக்கட்டளையாகப் பதிவாகியிருக்கிறதா, சங்கமாகவா? 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கமென்றால், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், தணிக்கை செய்த கணக்கு அங்கே வைக்கப்பட வேண்டும். அறக்கட்டளை என்றால் அறங்காவலர்கள் யார் யார்? கணக்கு யாருக்குக் காட்டப்படுகிறது? போதகர் தவறினால் அவரைக் கேட்கும் இடத்தில் யாராவது இருக்கிறார்களா? 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமணம் நடத்திவைக்க அவருக்கு உரிமம் இருக்கிறதா? திருமணத்துக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று சொல்கிற சபை, பொறுப்பேற்கும் அதிகாரம் தன்னிடம் இருப்பதையும் காட்ட வேண்டும். இதையெல்லாம் குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். குடும்பத்தில் ஒருவர் குடும்பக் கணக்கைக் கேட்பதுபோலக் கேளுங்கள். நல்ல போதகர் இதனால் மனம் நோகமாட்டார்.

வேறு சபைக்குப் போக அனுமதி வேண்டும் என்ற விதிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. உறவினர் வீட்டு ஞானஸ்நானத்துக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் போய்வர வயது வந்த ஒருவருக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் சொல்லிவிட்டுப் போவது மரியாதை.

இப்போது செய்ய வேண்டியது இது. ஆராதனை முடிந்த கூட்டத்தில் போதகரைப் பிடித்துப் பேசாதீர்கள். ஒரு வாரநாள் மாலை, கணவர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய பிறகு, போதகரையும் அவர் மனைவியையும் வீட்டுக்கு அழைத்து டீ கொடுங்கள். மாமியாரின் கட்டில் பக்கத்திலேயே நாற்காலி போடுங்கள். அவருக்கு ஜெபம் செய்யச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய ஒரு பக்கத்தை அவர் கையில் கொடுங்கள். என்ன நாட்களில் வருவீர்கள், என்ன வேலை செய்வீர்கள், காணிக்கையைத் தவறாமல் கொடுப்பீர்கள், என்ன உங்களால் முடியாது, அது ஏன் என்று அதில் இருக்கட்டும். கீழே இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அவர் மந்தையை நேசிக்கிறவர் என்றால், தன் படிவத்தைவிட அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வார். மற்றவர்களுக்கும் அந்த வழியைத் திறப்பார்.

அவர் ஏற்காவிட்டால் ஈஸ்டருக்குள் முடிவெடுக்க வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு இல்லை. 'பார்வையாளர்' என்ற பெயரோடு சில மாதம் போய்வாருங்கள். அந்தப் பெயர் வந்த பிறகு உங்களிடம் சிரிப்பவர்களின் சிரிப்பு மாறுகிறதா, மகளை ஓய்வுநாள் பள்ளியில் வேறாக நடத்துகிறார்களா என்று பாருங்கள். மாறினால், போதகரிடம் நேரில் காரணத்தைச் சொல்லி, நன்றியும் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். பழைய சங்கத்துக்கே திரும்பினாலும் சரி, ஆனால் அங்கே யாரும் தேடி வராத நிலையை மாற்றுகிறவர்களாகத் திரும்புங்கள். உங்கள் பெயர் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் முன்பே, இந்த வாரமே ஒன்றைச் செய்யுங்கள். அன்று இரவு வந்த அந்த இரண்டு சகோதரிகளை ஒரு மாலை சந்தியுங்கள். படிவத்தை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் இதே திணறல் இருக்கிறதா என்று கேளுங்கள்; இருக்கலாம், சொல்ல ஆள் இல்லாமல் இருப்பார்கள். புறப்படும் முன் உங்கள் அடுத்த மாத இரவுப் பணி நாட்களை ஒரு தாளில் எழுதி அவர்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.